மாதம் மூன்று ரூபாயும் ஒரு தோட்டக்காரரும்



நம் பொதுத்திடலில் என்ன நடலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். பதில் எழுதிய உங்கள் எல்லோருக்கும் நன்றி. வேம்பு, புங்கன், பூவரசு என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். ஊட்டிக்குப் போய் வந்த குளிர் இன்னும் விடாதவர்கள் இன்னொரு பக்கம். அசேலியா, ரோடோடென்ட்ரான், ஹைட்ராஞ்சியா, பெரணி என்று பட்டியலே போட்டிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை. நானும் அப்படி ஆசைப்பட்ட ஆள்தான். மலையில் வாங்கிய அசேலியாத் தொட்டி ஒன்றை வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஜனவரியில் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. ஏப்ரலில் இலை ஓரம் கருகியது. கத்திரி வெயில் முடிவதற்குள் சுள்ளியாகிவிட்டது. தண்ணீர் போதவில்லை என்று இரண்டு வேளை ஊற்றியதுதான் அதை இன்னும் சீக்கிரம் கொன்றது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அந்தத் தொட்டி செத்த கோபத்தில் படிக்க ஆரம்பித்துத்தான் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் என்பவரிடம் வந்து சேர்ந்தேன். உதகை அரசு தாவரவியல் பூங்காவை உருவாக்கியவர். பெயர்ப்பலகையில் பார்த்திருப்பீர்கள், படம் எடுத்துக்கொண்டு நகர்ந்திருப்பீர்கள். திடலுக்காக மாதச் சந்தா பிரிக்கலாமா என்று நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அவர் கதை நமக்கு வேண்டும். ஏனென்றால் அந்தப் பூங்கா தொடங்கியதே ஒரு சந்தாவில்தான்.

முதலில் அந்த மரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ரோடோடென்ட்ரான் என்று ஆங்கிலத்தில் கேட்டுப் பழகிய மரத்துக்கு நம் மலைகளில் காட்டுப்பூவரசு என்று பெயர். நம் ஊர்ப் பூவரசுக்கும் அதற்கும் உறவு கிடையாது, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். நீலகிரி, ஆனைமலை, பழனி மலைகளின் உச்சிகளில் புல்வெளி நடுவிலும் சோலைக்காட்டின் ஓரத்திலும் முறுக்கிக்கொண்டு நிற்கும். தடித்த பட்டை. பனிக்கும் புல்வெளித் தீக்கும் தாக்குப்பிடிக்கும். குளிர்காலக் கடைசியில் மரம் முழுக்க ரத்தச் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதன் நெருங்கிய சொந்தங்கள் இருப்பது ஒரு பக்கம் இமயமலையில், மறுபக்கம் இலங்கையின் ஹோர்டன் சமவெளியில். நடுவில் எங்குமே இல்லை. நாம் தொட்டியில் வாங்கும் அசேலியாவும் இதே ரோடோடென்ட்ரான் இனத்தைச் சேர்ந்த செடிதான்.

இனி மெக்ஐவர்.

உதகையில் ஜான் சல்லிவன் கல் வீடு கட்டியது 1822-ல். அடுத்த இருபது ஆண்டுகளில் வெள்ளைக்காரக் குடும்பங்கள் நிறைய அங்கே குடியேறிவிட்டன. ரயில் கிடையாது, அது உதகையைத் தொட்டது 1908-ல்தான். வண்டியும் மட்டக்குதிரையும் கூலியாள் தலையும்தான் போக்குவரத்து. நினைத்த காய்கறி நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை. 1845-ல் குடியிருப்பவர்கள் கூடி, ஆளுக்கு மாதம் மூன்று ரூபாய் போட்டு ஒரு பொதுக் காய்கறித் தோட்டம் வைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு குடியிருப்போர் நலச் சங்கம்.

அது ஓடவில்லை. பணம் இருந்தது, இடம் இருந்தது, ஆர்வமும் இருந்தது. அந்த மண்ணில் எதை, எப்போது, எப்படி வைப்பது என்று முழுநேரமும் பார்க்க ஒருவர் இல்லை. 1847-ல் மறுபடி கூடினார்கள். இந்த முறை காய்கறிக் கூடையைத் தாண்டி யோசித்தார்கள். தோட்டக்கலைச் சங்கம் ஒன்று, அதன் கீழ் ஒரு பொதுத் தோட்டம், வெளியிலிருந்து விதை வரவழைத்து உறுப்பினர்களுக்குப் பங்கிடுவது என்று திட்டம் போட்டார்கள். சென்னை கவர்னராக இருந்த ட்வீடேல் பிரபு ஆதரவு கொடுத்தார். முறையாகப் பயின்ற தோட்டக்காரர் ஒருவர் வேண்டும் என்று லண்டனுக்குக் கேட்டு எழுதினார்கள். இரண்டாவது முயற்சி பிழைத்ததற்கு என் பார்வையில் இந்த ஒன்றுதான் காரணம்.

லண்டன் கியூ தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டவர் மெக்ஐவர். ஸ்காட்லாந்தில் டாலர் என்ற சிற்றூரில் பிறந்தவர். (ஆம், ஊர் பெயரே டாலர்.) 1848-ல் உதகை வந்தபோது வயது இருபத்துமூன்று, இருபத்துநான்குதான் இருக்கும். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம். மாதக்கணக்கில் கப்பல், பிறகு மலைப்பாதை. அதே ஆண்டில்தான் கியூ தோட்டத்து இயக்குநரின் மகன் ஜோசப் ஹூக்கர் டார்ஜிலிங் போய் இறங்கினார். சிக்கிம் மலைகளில் அவர் திரட்டிய ரோடோடென்ட்ரான்கள் இங்கிலாந்தின் பெரிய தோட்டங்களை எல்லாம் நிறைத்தன. அவருக்குப் புகழும் பட்டமும் கிடைத்தன. மெக்ஐவருக்குக் கிடைத்தது ஒரு சதுப்பு நிலம்.

அவரிடம் ஒரு விசித்திரமான தகுதி இருந்தது. இளைஞராக இருந்தபோதே, 1847-ல், பிரிட்டனின் லிவர்வொர்ட் வகைகளை உலர்த்தி, பெயர் எழுதி, சட்டைப்பையில் வைக்கும் அளவில் தொகுத்து வெளியிட்டிருந்தார். லிவர்வொர்ட் என்றால் பாசிக்குச் சொந்தக்காரச் செடி. மழைக்காலத்தில் கிணற்று உறையின் உட்புறம் பச்சைத் தோல் மாதிரி ஒட்டிக் கிடக்குமே, அந்த வகை. பூ கிடையாது, காய் கிடையாது, விலையும் கிடையாது. மற்றவர்கள் ரோஜாவைப் பார்த்த வயதில் இவர் ஈரக் கல்லின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் இது எங்கே போய்ச் சேர்ந்தது என்று சொல்கிறேன்.

தோட்டத்துக்கென்று ஒதுக்கிய இடம் தொட்டபெட்டாவின் அடிச்சரிவு. மேல்பாதி செங்குத்தான காடு. கீழ்ப்பாதி சேறு. நடுவில் ஆழமான ஓடைகள். இன்று நீங்கள் குழந்தைகளை ஓடவிட்டுப் போர்வை விரித்து உட்காரும் புல்தரை அன்று கால் வைத்தால் புதையும் நிலம். தண்ணீரை வடித்து, மண்ணை நிரவி, சரிவைப் படிப்படியாகக் கட்டி, பாதை போட்டு முடிக்கச் சுமார் பத்தாண்டுகள் பிடித்தன. மண்வெட்டி பிடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்கள் பெயரில் அங்கே ஒரு பாத்தி கூட இல்லை. பூங்காவின் மேல் பகுதியில் தோடர்களின் மந்து இன்றும் இருக்கிறது. தோட்டம் வருவதற்கு முன்னாலிருந்தே அந்த மலை யாருடையது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர் அதுவரை ஏறிப் பார்க்க வேண்டும்.

இந்த நேரத்தில் நம் பக்கத்தையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். உதகைக்கு முன்பே புதுச்சேரியில் தாவரவியல் தோட்டம் இருந்தது. 1826-ல் போட்டது. பழைய பேருந்து நிலையத்துக்குப் போகும்போது சுற்றுச்சுவரைப் பார்த்திருப்பீர்கள். அதற்கும் முன்னால், 1816-ல் புதுச்சேரி வந்த லெஷெனோ என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிருந்து நீலகிரிக்கு ஏறிச் செடி சேகரித்தார். காட்டுப்பூவரசுக்குப் பக்கத்தில் மஞ்சளாகப் பூக்கும் முள் இலைச் செடியான மஹோனியாவின் அறிவியல் பெயரில் அவர் பெயர்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு வந்த பெரோத்தேயும் புதுச்சேரித் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே நீலகிரியில் செடி தேடியவர். 1870-ல் புதுச்சேரியிலேயே இறந்தார். நமக்கும் அந்த மலைக்கும் செடி வழியாக இருநூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

மெக்ஐவரின் தோட்டம் வளர வளர, சந்தா கட்டியவர்களுக்கும் அதற்கும் இடையில் இடைவெளியும் வளர்ந்தது. பணம் கட்டுகிறவருக்குக் கண்ணில் தெரிவது காய்கறிக் கூடை. தோட்டக்காரருக்குத் தெரிவது இருபது வருடம் கழித்து நிற்கப்போகும் மரம். இந்த இரண்டும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நம் மாதாந்திரக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் அரசே தோட்டத்தை ஏற்றுக்கொண்டது. சங்கம் போனது, தோட்டம் நின்றது.

அடுத்து வந்ததுதான் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று இருந்த ஒரே நம்பகமான மருந்து கொய்னா. அது தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. மரத்தை அங்கே வெட்டி வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். விலை எட்டாத உயரம். கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவர் தலைமையில் 1860-ல் பெரு நாட்டிலிருந்து கன்றுகளை ஏறக்குறைய கடத்திக்கொண்டு வந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து, செங்கடல் வெயிலைத் தாண்டி உதகை வந்து சேர்ந்த அந்தக் கன்றுகள் பிழைக்கவில்லை. என் அசேலியா கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் திரட்டி, ராபர்ட் கிராஸ் துணைக்கு வந்து கொண்டுவந்த செம்பட்டைச் சிங்கோனா 1861-ல் வந்தது. அது பிழைத்தது.

பிழைக்க வைத்தவர் மெக்ஐவர். பதியன் போட்டும் துண்டு வெட்டி நட்டும் கைவிரலில் எண்ணக்கூடிய கன்றுகளைச் சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் கூடலூர் சாலையில் உள்ள நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. 1863-ல் சிங்கோனா வளர்ப்பு பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் ஒரு சிறு நூலாக அச்சிட்டார். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் எழுதிப் பங்கிட்ட இந்தப் பழக்கம், அவரிடம் எனக்குப் பிடித்தவற்றில் ஒன்று.

ஒரு சிக்கல் மீதி இருந்தது. மருந்து இருப்பது பட்டையில். பட்டையை உரித்தால் மரம் சாகும். மரத்தை வெட்டினால் மறுபடி எட்டு, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும். இங்கேதான் கியூ தோட்டத்துப் பையனின் பாசி திரும்பி வந்தது. மெக்ஐவர் மரத்தைச் சுற்றி முழுக்க உரிக்காமல், நீளவாக்கில் பட்டை பட்டையாக ஒன்று விட்டு ஒன்று உரித்தார். உரித்த இடம் காயாதபடி அடிமரம் முழுவதையும் ஈரப் பாசியால் மூடிக் கட்டினார். சோலைக்காட்டில் பாசிக்குப் பஞ்சமா? பாசிக்கு அடியில் புதுப் பட்டை வளர்ந்தது. அடுத்த முறை விட்டுவைத்த பட்டையை உரித்தால், அதற்குள் முதலில் உரித்த இடம் ஆறியிருக்கும். லண்டனில் ஜான் எலியட் ஹோவர்ட் என்ற மருந்து வேதியியலாளர் சோதித்துப் பார்த்தபோது இன்னொரு வியப்பு. பாசிக்கு அடியில் வளர்ந்த புதுப் பட்டையில் மருந்துச் சத்து பழையதைவிட அதிகமாக இருந்தது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாரும் மதிக்காத ஒரு செடியை உற்றுப் பார்த்துப் பழகிய கண் இல்லாவிட்டால் இந்த யோசனை வந்திருக்குமா? வராது என்றுதான் நினைக்கிறேன். பின்னாட்களில் இந்தியாவில் கொய்னா மலிவானது. வங்காளத்தில் 1892 முதல் தபால் நிலையத்தில் சிறு பொட்டலமாக விற்றார்கள். அதைப் பார்க்க மெக்ஐவர் இல்லை. 1876 ஜூன் மாதம் இறந்துவிட்டார். ஐம்பதைச் சற்றே தாண்டிய வயதுதான், உழைத்த ஆண்டுகளில் இருபத்தெட்டு உதகைக்குப் போயிருந்தது.

இத்துடன் முடித்தால் அவரைத் தெய்வமாக்கிவிடுவேன். அது நியாயமில்லை. நடுவட்டத்துத் தோட்டங்களில் கைதிகளை வேலை வாங்கினார்கள். மலாய்ப் பகுதியிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளும் அதில் உண்டு. கடல்கடந்து வந்து, மொழி தெரியாத மலையில், குளிரில் பாத்தி வெட்டியிருக்கிறார்கள். சிங்கோனாவுக்காகச் சோலைக்காடுகளும் அழிந்தன. ஆஸ்திரேலியத் தைலமரம் அவர் வருவதற்கு முன்பே, 1843-லேயே, நீலகிரிக்கு வந்துவிட்டது. சீகை மரமும் தேயிலையும் சேர்ந்துகொண்டன. காட்டுப்பூவரசு நின்ற புல்வெளிகள் சுருங்கிப்போனது இப்படித்தான். செயற்கைக் கொய்னா வகை மருந்துகள் வந்த பிறகு சிங்கோனாவும் தேவையற்றுப் போனது. ஒரு மரத்துக்காக அழிந்த காடு, அந்த மரம் போன பிறகு திரும்பி வரவில்லை.

நமக்கு இது புதிதல்ல. குயிலாப்பாளையத்தைச் சுற்றியுள்ள செம்மண் மேடு 1960களில் எப்படிக் கிடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மழை பெய்தால் செம்மண் கரைந்து கடலையே சிவப்பாக்கும். 1968-க்குப் பிறகு ஆரோவில்லில் மரம் வைத்தவர்கள் முதலில் தேடியது அழகான மரத்தை அல்ல, சாகாத மரத்தை. ஆஸ்திரேலிய அக்கேசியா அப்படி வந்ததுதான். அது நிழல் கொடுத்து, சருகு உதிர்த்து, மண்ணைக் கொஞ்சம் தேற்றிய பிறகு, அதன் அடியில் இந்த மண்ணுக்கே உரிய வீரை, காயா, கருங்காலி எல்லாம் வைத்தார்கள். 2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது சாய்ந்த அக்கேசியாக்கள் ஏராளம். மறுநாள் காலை சாலையை மறித்துக் கிடந்தவற்றை நாமே அரிவாளும் கையுமாக வெட்டி ஒதுக்கினோம், நினைவிருக்கும். அது கெட்ட மரம் என்று சொல்லவில்லை. முதலில் வந்து இடம் பிடித்துக்கொடுக்கும் வேலை அதனுடையது.

மறுபடி என் தொட்டிக்கு வருகிறேன். காட்டுப்பூவரசுக்கும் அசேலியாவுக்கும் வேர் தலைமுடி மாதிரி மெல்லியது, ஆழம் போகாது. மேல் மண்ணில் படர்ந்திருக்கும். மக்கிய இலை, நல்ல புளிப்புத் தன்மையுள்ள மண், ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. அந்த வேரோடு ஒருவகைப் பூஞ்சை கூட்டுச் சேர்ந்து வாழ்கிறது. மக்கும் சருகிலிருந்து சத்தைப் பிரித்து வேருக்கு ஊட்டுவது அதுதான். மலையில் அந்த மரத்தைச் சுற்றிப் பாருங்கள்: மஹோனியா, தவிட்டுப்பழச் செடி, குறிஞ்சி, பெரணி, கீழே பாசி. எதுவும் தனியாக இல்லை. குளிர்ந்த இரவு அவற்றுக்குப் பொதுச் சொத்து. நான் அத்தனை பேரையும் விட்டுவிட்டுச் செடியை மட்டும் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். இங்கே அதற்குக் கிடைத்தது உப்புக் கலந்த போர்த்தண்ணீர், நாற்பது டிகிரியை நெருங்கும் பகல், மொட்டைமாடி சூட்டில் வேகும் இரவு.

ஆகவே ஊட்டிச் செடி கேட்டவர்கள் என்னை மன்னிக்க வேண்டும். திடலில் அவை வேண்டாம் என்பது என் ஓட்டு. ஆனால் அந்த மரத்தடியில் இருக்கும் ஏற்பாட்டை இங்கே கொண்டுவரலாம். உயரமாக வளரும் வேம்போ பூவரசோ முதலில். அதன் நிழல் விழும் இடத்தில் காயாவும் நொச்சியும். அதற்குக் கீழே ஆடாதொடை, சோற்றுக் கற்றாழை. காயா பூக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? கிளை முழுக்க நீலமாக அப்பிக்கொண்டு பூக்கும். அசேலியாவுக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. முக்கியமாக, விழுந்த சருகைக் கூட்டி எரிக்கவே கூடாது. வாரம் ஒருமுறை திடல் மூலையில் எழும் அந்தப் புகை, நாம் காசு கொடுத்து வாங்கப்போகும் உரம்.

சந்தா விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஆளுக்கு எவ்வளவு என்று பேசுவதற்கு முன், திடலை அன்றாடம் பார்த்துக்கொள்ளப்போகிறவர் யார், அவருக்கு என்ன சம்பளம் என்று முடிவு செய்வோம். நம் ஊரிலேயே நாற்றங்கால் வேலை தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆரோவில் காடுகளில் முப்பது, நாற்பது வருடம் கன்று வைத்த கைகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. எந்தக் கன்றை ஆடியில் வைக்க வேண்டும், எதை ஐப்பசி மழைக்கு விட வேண்டும் என்று நம்மில் பலரைவிட அவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு அவர்களையும் அழைத்திருக்கிறோம். அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. அடுத்த இதழிலிருந்து அதிலுள்ளவை பகுதி பகுதியாக வரும்.

ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் உதகை போனால், தொட்டபெட்டா சாலையில் சிவப்பாகப் பூத்து நிற்கும் காட்டுப்பூவரசைப் பாருங்கள். பூவைப் பார்த்து முடித்த பிறகு குனிந்து அடியிலும் பாருங்கள். ஒன்றும் பிடுங்க வேண்டாம், தொட்டியும் வாங்க வேண்டாம். மடியில் இடம் இருந்தால் வர்க்கி வாங்கி வாருங்கள். சங்க அலுவலகத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.